வத்தேகமவில் பால் பொங்கிய வியாழக்கிழமை

திங்கட்கிழமை, மாலை ஐந்து மணி

கண்டி ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் தூறல் பிடித்துக்கொண்டது. மன்னார்குடி ஜூலை வெயிலில் பெட்டி கட்டியவளுக்குக் குடை எங்கே ஞாபகம் வரும்? சேலைத் தலைப்பை முக்காடாக இழுத்துவிட்டுக்கொண்டு, முதலில் கண்ணில் பட்ட முச்சக்கர வண்டிக்காரரிடம் அம்பிட்டியவுக்கு எவ்வளவு என்று கேட்டேன். எழுநூறு ரூபாய் என்றார். ஐந்து கிலோமீட்டருக்கு எழுநூறா என்று நானும் வாயைத் திறந்தேன்.

"ஏத்தங்க அக்கா. வண்டி மூச்சு வாங்கும்," என்றார்.

அறுநூறுக்கு முடிந்தது. அவர் சொன்னது பொய்யில்லை. ஏரியைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறத் தொடங்கியதும் வண்டி உண்மையிலேயே இரைத்தது. நூறு ரூபாயைக் குறைத்தது பாவமோ என்று எனக்குத் தோன்றிவிட்டது.

அவருடைய தமிழ் கடல் தாண்டி வந்த தமிழ் மாதிரியே தெரியவில்லை. திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் கேட்கிற பேச்சுதான். பெயர் சிவகுமார், வத்தேகம பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கொழுந்துக் கூடை வேண்டாம் என்று கண்டிக்கு வந்து வண்டி ஓட்டுகிறவர். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று கேட்டார். எங்கள் வீட்டில் நெல் விவசாயம், நான் ஒரு வேளாண்மை மாத இதழில் எழுதுகிறேன், விவசாயத்திலிருந்து கிளம்பி பூமியைச் சூடாக்குகிற வாயுவைக் குறைக்க எந்த நாட்டில் என்ன சட்டம், என்ன திட்டம் என்று ஒப்பிட்டுப் பேசும் கூட்டத்துக்கு வந்திருக்கிறேன் என்றேன்.

"விவசாயத்துல என்னங்க வாயு?"

"மாடு விடுற ஏப்பம். வயல்ல தண்ணி தேங்கிக் கிடந்தா சேத்துலேருந்து வர்றது. உரத்துலேருந்து வர்றது. சாணிக் குவியல்லேருந்து வர்றது. டென்மார்க்குல மாட்டு ஏப்பத்துக்கு வரி போடப் போறாங்க, தெரியுமா?"

சிவகுமார் வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்தார். "ஏப்பத்துக்கு வரின்னா எங்க பழைய தொரை ஒருத்தர் இருந்தாருங்க, சொத்தையே வித்திருக்கணும்." தொரை என்றால் தோட்டத்து மேலாளர். சிரித்து முடித்தவுடன், "எங்க அக்கா வீட்டுல சாணியில வர்ற கேஸுலதான் சமைக்கிறாங்க. வேணும்னா காட்டுறேன்," என்றார். தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டேன்.

அம்பிட்டியவில் எங்களைத் தங்க வைத்திருந்த விடுதி ஒரு சரிவில் தொற்றிக்கொண்டிருந்தது. ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்துவிடும் போல இருந்தது. ஊருக்குப் போன் செய்தேன். எங்கள் வீட்டுக்காரருக்கு நான் நல்லபடியாகச் சேர்ந்ததைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. எங்கள் குறுவை வயலை இந்த வருடம் ஒரு கம்பெனித் திட்டத்தில் சேர்த்திருக்கிறோம். எப்போதும் தண்ணீரைக் கட்டி வைக்காமல், வயலைக் காயவிட்டுப் பிறகு பாய்ச்ச வேண்டும். காய்ச்சலும் பாய்ச்சலும் என்று எங்கள் பக்கத்தில் பழகிய வார்த்தைதான். அப்படிச் செய்தால் சேற்றிலிருந்து மீத்தேன் குறையும், குறைந்த அளவுக்குக் கம்பெனி பணம் தரும்.

"வியாழக்கிழமை கம்பெனி ஆளு வயலைப் பாக்க வர்றாராம். அதுவோ காஞ்சு கெடக்கு. ஒருத்தர் வந்து பாக்குற மாதிரியா இருக்கு?" என்றார்.

"காஞ்சு கெடக்குறதப் பாக்கத்தாங்க அவர் வர்றாரு," என்றேன். அவர் ம் என்றார். அந்த ம் எனக்குப் பிடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை

பேராதனைப் பாதையில் ஒரு மண்டபத்தில் கூட்டம். வெளிநாட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர், உள்நாட்டுக்காரர்கள் கொஞ்சம் அதிகம். காலையில் டென்மார்க்கிலிருந்து வந்த அம்மாள் பேசினார். 2030 முதல் அங்கே மாடு, பன்றி வெளியிடும் வாயுவுக்கு வரி. அடுத்து நியூசிலாந்துக்காரர். அவர்களும் அப்படி ஒன்றைத் திட்டமிட்டு, விவசாயிகள் டிராக்டரை ஓட்டிக்கொண்டு தெருவுக்கு வந்ததும், ஆட்சி மாறியதும், கைவிட்டுவிட்டார்கள். இவர் அதைச் சொன்ன தொனியில், காதல் தோல்வியைச் சொல்கிறவரின் தொனி இருந்தது.

பிற்பகலில் இலங்கை. 2021-ல் இரசாயன உரத்துக்குத் திடீரென்று தடை போட்டார்களே, அந்தக் கதை. காலையில் தடை, மாலையில் இயற்கை விவசாயம் என்றால் பயிர் கேட்குமா? விளைச்சல் விழுந்தது, சனம் கொதித்தது, மாதங்களிலேயே தடை போயிற்று. மண்டபத்தில் இருந்த இலங்கைக்காரர்கள் எல்லாரும் அந்த விளைச்சல் வரைபடம் திரையில் வந்தபோது காலடியைப் பார்த்தார்கள்.

எனக்கு இதெல்லாம் வீட்டில் பாகற்காய் ஊட்டுகிற விவகாரமாகவே பட்டது. அதட்டி ஊட்டலாம். தின்னாவிட்டால் பலகாரம் கிடையாது என்று தண்டம் போடலாம். தின்றால் காசு தருகிறேன் என்று விலை பேசலாம். வெல்லம் போட்டுச் சமைத்தும் கொடுக்கலாம். எங்கள் கம்பெனித் திட்டம் விலை பேசுகிற வகை. அதைப் பற்றி எனக்குக் கொடுத்த பத்து நிமிடத்தில் பெருமையாகவே பேசினேன். காசுதான் கடைசியில் வேலை செய்யும் என்பது அன்றைக்கு என் கட்சி.

வெல்லம் போடுகிற வகையைப் பற்றிக் கடைசியாகப் பேசியவர் நஸீர். திகன ஊர்க்காரர், ஐம்பது வயதிருக்கும், மலையக மாட்டுக்காரர்களுக்கு மானியத்தில் சாணவாயுக் குழி கட்டித் தரும் திட்டத்தின் பொறுப்பாளர். மாட்டுச் சாணி திறந்தவெளியில் குவிந்து கிடந்தால் மீத்தேன் காற்றில் போகும். மூடிய குழிக்குள் விட்டால் அதே மீத்தேன் அடுப்பில் எரியும், விறகும் மிச்சம். நல்ல திட்டம். ஆனால் அவர் முகத்தில் களையில்லை.

"கட்டிக் குடுத்த புதுசுல அடுப்பு நீலமா எரியும். நாங்களும் போய்ப் பாத்துட்டுப் பாராட்டிட்டு வருவோம். அடுத்த மாசம் கேட்டா அணைஞ்சிட்டு எண்டு செல்றாங்க. ஒவ்வொரு இடத்துலயும் இதே கதைதான்," என்றார். அவர் ஊர்த் தமிழில் சொல் என்பது செல், இருக்கு என்பது ஈக்கு.

யாரோ ஒருவர், இலவசமாகக் கொடுத்தால் சனம் கவனிக்காது என்றார். பலர் தலையாட்டினார்கள். கூட்டத்தின் தலைவர், ஏற்கெனவே ஏற்பாடு செய்தபடி வியாழக்கிழமை ஒரு குழியை நேரில் பார்ப்போம், அதற்குப் பிறகு இந்த மானியத்தைத் தொடரச் சொல்வதா நிறுத்தச் சொல்வதா என்று முடிவு செய்து அறிக்கையில் எழுதுவோம் என்றார்.

தேநீர் நேரத்தில் நஸீர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "இந்த வருசம் கட்டினதுல ஒண்டுதான் இன்னும் எரியுது. வத்தேகம பக்கம் ஒரு தோட்டத்துல. கட்டி முடிச்ச பொறகு எனக்கு அங்க ஒருக்காப் போகவும் நேரம் கெடைக்கல்ல. அதத்தான் காட்டப் போறேன்."

"புஷ்பராணி வீடா?" என்றேன். சிவகுமார் அக்காவின் பெயரைச் சொல்லியிருந்தார்.

அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஊரில் இறங்கி இருபத்துநாலு மணி நேரத்தில் எனக்குச் செல்வாக்கு வந்துவிட்டது.

புதன்கிழமை

கூட்டத்துக்கு விடுமுறை. மற்றவர்கள் புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகைக்கும் பூங்காவுக்கும் போனார்கள். நான் சிவகுமாரின் வண்டியில் ஏறினேன். வத்தேகம கண்டியிலிருந்து சுமார் பதின்மூன்று கிலோமீட்டர். சந்தைக்கு எதிரே ஒரு கடையில் பிளேன்டீயும் பருப்பு வடையும். வடை எண்பது ரூபாய், தேநீர் ஐம்பது. வடை வாங்கித் தின்பவர்கள் மூன்று மொழிகளில் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர்த் தேநீர்க்கடையில் ஒரே மொழிதான், மற்றபடி வித்தியாசமில்லை.

அங்கிருந்து தோட்டப் பாதை. தேயிலைக்கு நடுவே வளைந்து வளைந்து போய், பன்னிரண்டு வீடுகள் ஒரே கூரையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு லயத்தின் முன்னால் நின்றோம். நின்ற இடத்தில் சுண்ணாம்பு மணம். லயத்துச் சுவர் முழுக்க வெள்ளை, இன்னும் ஈரம் காயவில்லை. பெண்கள் சிலர் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள், ஒருத்தி பூச்சட்டிகளுக்குக்கூடச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள்.

சேலையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தவர்தான் புஷ்பராணி. என் வயதுதான் இருக்கும். லயத்துப் பெண்கள் நடத்தும் பால் சங்கத்தின் செயலாளர். "வாங்க வாங்க, நாளைக்குத்தான் வருவீங்கன்னு பாத்தோம். உள்ள வந்து ஒக்காருங்க," என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அடுப்பைப் பார்த்தேன். குழாய் வழியே வந்த வாயு நீலமாக எரிந்தது, தேநீர் கொதித்தது, கரி இல்லை, புகை இல்லை. 2022-ல் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற நாட்களில்தான் இந்த ஆசை வந்ததாம். லயத்தில் பன்னிரண்டு குடும்பத்திடமும் மாடு இருக்கிறது. முதலில் ஒரு குழிதான் கிடைக்கும் என்றதும் சீட்டுக் குலுக்கினார்கள், புஷ்பராணியின் பெயர் வந்தது.

"பதினோரு பேரு என் அடுப்பத்தான் பாத்துக்கிட்டு இருக்காங்க," என்றார். "இவளுக்குப் பாருங்க, வெறகுப் பொகையில இருமல் நிக்கவே மாட்டேங்குது." வாசலில் நின்ற மாரியாயி இருமலாலேயே வணக்கம் சொன்னார். அடுத்த வீட்டுக்காரர்.

டென்மார்க் வரியைப் பற்றிச் சொன்னேன். புஷ்பராணி கொஞ்சம் யோசித்தார். "எங்க மாடு எத்தனன்னு கணக்கெடுக்கவே ஆளு வராது. வரி வாங்க மட்டும் வந்துருவாங்களா?" என்றார். உரத் தடையைப் பற்றிக் கேட்டதும் கலகலவென்று சிரித்தார். "அந்த வருசம் எங்க சாணிக்கு வந்த மவுசு எங்களுக்கே வந்ததில்லங்க. காய்கறித் தோட்டக்காரங்க லொறி கொண்டாந்து நின்னாங்க. பட்டிக்குப் பூட்டு வாங்கிப் போட்டோம். மாட்டுக்கு இல்ல, சாணிக்கு!"

பேச்சு ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம். மாட்டுப் பட்டியைக் கழுவ வேண்டியிருந்தது. பட்டியின் தரை ஒரு பக்கமாகச் சாய்வு. கழுவுகிற தண்ணீர் சாணியை அடித்துக்கொண்டு ஒரு சிறு வாய்க்கால் வழியே நேரே குழிக்குள் போய்விடும். அள்ளிச் சுமக்கிற வேலையே இல்லை. கட்டியவர்கள் புத்திசாலிகள் என்று நினைத்துக்கொண்டேன்.

மாரியாயி ஒரு பெரிய பினாயில் போத்தலுடன் வந்தார். விருந்தாளிகள் வருவதாக நஸீரிடமிருந்து தகவல் வந்த சனிக்கிழமையே ஒரு தடவை ஊற்றிக் கழுவியாயிற்றாம், இன்றைக்கு இன்னொரு தடவை. தொரை வந்தால், டாக்டர் வந்தால், மந்திரி வந்தால், லயத்தில் முதல் வேலை சுண்ணாம்பும் பினாயிலும்தான் என்றார்கள். தோட்டம் அழுக்கு என்று ஒருத்தன் வாயில் வரக்கூடாது. அந்தப் பேச்சைப் பாட்டன் காலத்திலிருந்து கேட்டு அலுத்தவர்களின் ரோஷம் அது. எனக்கு மனசார மரியாதை வந்தது. சும்மா நிற்கப் பிடிக்காமல் நானும் ஒரு வாளியை வாங்கி ஊற்றினேன். வெள்ளை வெளேரென்று நுரைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி மணத்தோடு, தண்ணீர் வாய்க்காலில் ஓடிக் குழிக்குள் இறங்கியது.

மாலையில் சிவகுமாருக்கு வேறு சவாரி வந்துவிட்டது. நான் அங்கேயே தங்கிவிட்டேன். மரக்கறிக் குழம்பு, பருப்பு, தேங்காய்ச் சம்பல், கோழி என்று அந்த அடுப்பு எனக்காக நெடுநேரம் எரிந்தது.

வியாழக்கிழமை, காலை ஏழு மணி

தேநீருக்கு அடுப்பைப் பற்ற வைத்த புஷ்பராணி, "என்ன இது?" என்றார். சுடர் விளக்குத் திரி அளவுதான் இருந்தது. நேற்றுச் சமையலில் தீர்ந்திருக்கும் என்றார். ராத்திரி முழுக்க மறுபடி சேர்ந்திருக்க வேண்டுமே என்று அவரே சொன்னார். முந்தாநாளிலிருந்தே கொஞ்சம் மந்தம்தான் என்றும் சொன்னார்.

நான் குழியருகே போய்க் குனிந்தேன். சாணி மணமே இல்லை. ஆஸ்பத்திரி வராந்தா மணம்.

நிமிர்ந்து வாய்க்காலைப் பார்த்தேன். பினாயில் எதற்கு? கிருமியைக் கொல்ல. குழிக்குள் சாணியைத் தின்று வாயுவாக்குவது யார்? கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். இதைப் பற்றி மூன்று கட்டுரை எழுதியவள் நான். வாளியைக் கையில் வாங்கியபோது அந்த மூன்றில் ஒன்றாவது ஞாபகத்துக்கு வந்ததா? விருந்தாளி வருகிறார் என்றால் நம் சனத்துக்குப் படித்தது எல்லாம் மறந்துபோகும்.

சொன்னேன். புஷ்பராணி வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். மாரியாயி இருமக்கூட மறந்து நின்றார்.

"அப்ப செத்துப்போச்சா?"

"போகாது. குழியிலேருந்து பாதிச் சாணிக் கொழம்பை எடுத்துட்டுப் புதுச் சாணி போட்டா ரெண்டு மூணு வாரத்துல வந்துரும். ஆனா இன்னைக்கு..."

இன்றைக்கு எரியாவிட்டால் மானியம் நிற்கும், பதினோரு குழியும் நிற்கும். அது மூவருக்கும் தெரிந்திருந்தது.

அப்போது ஒரு யோசனை வந்தது. வந்தது எனக்குத்தான், பழியை வேறு யார் மேலும் போட மாட்டேன். விருந்தாளிகள் முன்னால் பால் பொங்க வைப்பதாக ஏற்பாடு. இந்தப் பால் பொங்கினால் பதினோரு வீட்டிலும் பொங்கும் என்று பெண்கள் நேர்ந்துகொண்டிருந்தார்கள். மாரியாயி வீட்டு விறகடுப்பில் பாலை முக்கால் கொதி வரைக்கும் சூடாக்கி வைத்துக்கொள்வோம். அவர்கள் வந்ததும் இந்த அடுப்புக்கு மாற்றுவோம். மிச்சமிருக்கும் வாயு கடைசிக் கொதிக்குப் போதும். அதுவரை அடுப்பை யாரும் தொடக் கூடாது.

"பொய்யில்லையா அக்கா அது?" என்றார் புஷ்பராணி.

"பால் பொங்குறது பொய்யா?" என்றேன். வாய்ச் சாமர்த்தியத்துக்குக் குறைவில்லை.

அவர் என்னைப் பார்க்கவில்லை, மாரியாயியைப் பார்த்தார். பிறகு பால் பானையை எடுத்துக் கொடுத்தார்.

அதே நாள், நண்பகல்

பத்தரைக்கு வர வேண்டிய பஸ் பன்னிரண்டு மணிக்கு வந்தது. அதற்குள் பாலை இரண்டு தடவை இறக்கி இரண்டு தடவை ஏற்றிவிட்டோம். பொட்டு, மாலை, வெற்றிலை எல்லாம் முடிந்து, பத்துப் பன்னிரண்டு பேர் அந்தச் சின்னச் சமையலறைக்குள் நெருக்கியடித்து நின்றார்கள். தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "கேஸ் ஈக்கா?" என்று நஸீர் கேட்ட குரலிலேயே ஒரு வேண்டுதல் இருந்தது.

புஷ்பராணி பற்ற வைத்தார். சின்ன நீலச் சுடர். பானை ஏறியது.

பால் என்பது பார்த்துக்கொண்டிருந்தால் பொங்காத பொருள். உலகத்தின் நாலு திசையிலிருந்தும் வந்தவர்கள் ஒரு பானைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. பால் மெல்ல ஆடை கட்டியது, ஓரத்தில் குமிழ் விட்டது. கீழே சுடர் சுருங்கியது. பால் கழுத்து வரை எழுந்தது. சுடர் ஒரு தடவை நடுங்கியது.  "எழும்பு சாமி, எழும்பு," என்று மாரியாயி முணுமுணுத்தார்.

பொங்கியது. நாலு பக்கமும் வழிந்து அடுப்பில் கொட்டி, புஸ் என்று சுடரை அணைத்தது. பெண்கள் குலவை போட்டார்கள். டென்மார்க் அம்மாள் எதற்கென்றே தெரியாமல் கைதட்டினார், மற்றவர்களும் தட்டினார்கள்.

நஸீர் மலர்ந்துபோனார். தேநீருக்காக மறுபடி பற்ற வைத்துப் பார்த்தார். பற்றவில்லை. இன்னொரு தடவை. இல்லை.

"பால் போய் அடைச்சிட்டு," என்று சிரித்துக்கொண்டே தலைவர் பக்கம் திரும்பி, ஆங்கிலத்தில் விளக்கினார். பரவாயில்லை, கண்ணால் பார்த்தோமே, திட்டம் வேலை செய்கிறது, தொடரச் சொல்லி எழுதிவிடுவோம் என்றார் தலைவர்.  முடிந்தது. தப்பித்தோம்.

"சேர்," என்று நஸீரைக் கூப்பிட்டார் புஷ்பராணி.

நான் அவர் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அவர் அதை விடுவித்துக்கொண்டார்.

"பால் அடைக்கல சேர். குழியில கேஸ் இல்ல. பால மாரியாயி வீட்டு வெறகுலதான் காய்ச்சினோம்."

 நஸீரின் முகம் விழுந்த வேகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"பட்டியக் கழுவப் பினாயில் ஊத்துனோம். அது குழிக்குள்ள போயிருச்சு. இத மறைச்சுப்புட்டா இன்னைக்கு நீங்க பதினொண்ணும் குடுப்பீங்க. பதினோரு பேரும் இதையேதான் ஊத்துவோம். அப்பறம் பதினோரு அடுப்பும் அணைஞ்சு, நாங்க சோம்பேறின்னு எழுதுவாங்க. அதுக்குத் தராமலே இருந்துருங்க சேர்."  மாரியாயி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

நஸீர் அவரையே பார்த்தார். "எப்ப ஊத்தினீங்க?"

"சனிக்கிழமை ஒருக்கா. நேத்து ஒருக்கா."

"அதுக்கு முன்னுக்கு?"

"அதுக்கு முன்ன யாரு சேர் வந்தா, ஊத்துறதுக்கு?"

நஸீர் நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து தொலைபேசியை எடுத்து, ஒலிபெருக்கியைப் போட்டு, யாருக்கோ அடித்தார். மறுமுனையில் ஒரு பெண் குரல் வணக்கம் சொன்னது. மற்றொரு தோட்டம், போன வருடம் அணைந்த குழி என்று பிறகு தெரிந்தது.

"நான் குழியைப் பாக்க வாறதுக்கு முந்தின நாள் பட்டியக் கழுவினீங்களா? செல்லுங்க."

"ஐயோ, கழுவாமலா சேர்? நல்லா வாசமா கழுவினோம்!"

"என்ன ஊத்தினீங்க?"

"பினாயில்தான் சேர். நீங்க வர்றீங்கன்னு பெரிய போத்தலா வாங்கினோம்."

நஸீர் தொலைபேசியை மடியில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பதறிப்போனேன். சிரிக்கிறார்! கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார்.

"யா அல்லாஹ்! நான் பாத்த குழியெல்லாம் நான் பாத்ததாலதான் அணைஞ்சீக்கு! இது ஏன் இவ்வளவு நாள் எரிஞ்சது? எனக்கு வர நேரமில்லாததால!"

ஆங்கிலத்தில் சொன்னதும் கூட்டமே சிரித்தது. எங்கள் ஊரிலும் சோதனைக்கு வருவதாகக் கடிதம் வந்தால் தொழுவங்கள் கண்ணாடி மாதிரி மின்னும் என்று டென்மார்க் அம்மாள் சொன்னார். நியூசிலாந்துக்காரர் புஷ்பராணியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தலைவர் மட்டும் சிரிக்காமல் வெளியே போய் வாய்க்காலைப் பார்த்துவிட்டு வந்து, பினாயில் ஊற்றிக் கழுவும் நாளில் தண்ணீரை வேறு பக்கம் திருப்ப என்ன செலவாகும் என்று கேட்டார். ஒரு பலகையும் இரண்டு அடிக் குழாயும் போதும் என்றார், பஸ்ஸுக்குப் பின்னாலேயே வண்டியில் வந்து சேர்ந்திருந்த சிவகுமார். மானியம் நிற்காது, பலகையோடும் குழாயோடும் தொடரும் என்று அங்கேயே முடிவானது. பதினோரு குழிகளையும் இந்த லயத்திலிருந்தே தொடங்குவதாக நஸீர் சொன்னார். மாரியாயிக்கு இரண்டாவது குழி.

மாரியாயி குலவை போட வாயைத் திறந்தார், இருமல்தான் வந்தது. மற்றவர்கள் அவருக்கும் சேர்த்துப் போட்டார்கள்.

பஸ்ஸில் ஏறும்போது நஸீர் திரும்பிப் பார்த்து, "இனி நான் செல்லாமத்தான் வருவேன், புஷ்பராணி!" என்றார்.

"சொல்லாம வந்தா சோறு இருக்காது சேர்!"

"ஈக்கிறதப் போடுங்க!"

"அப்ப சம்பல்தான்!"

வெள்ளிக்கிழமை

சிவகுமார் நிலையத்தில் இறக்கிவிட்டார். எழுநூறு ரூபாயை நீட்டினேன். நூறைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இறக்கம்தானே அக்கா," என்றார்.

ரயில் மெல்ல மலையை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. கட்டுரையை மனசுக்குள் எழுதிப் பார்த்தேன். அதட்டலா, வரியா, மானியமா, விலையா என்று நான்கையும் தராசில் நிறுத்தத்தான் வந்தேன். காசுதான் வெல்லும் என்று செவ்வாய்க்கிழமை மார்தட்டியவளுக்கு இன்றைக்கு அவ்வளவு நிச்சயமில்லை. எந்தத் திட்டமும் கடைசியில் யாரோ ஒருவர் வாசலுக்கு விருந்தாளியாகத்தான் போய் நிற்கிறது. விருந்தாளிக்கு நாம் என்ன செய்வோம் என்பதை எந்தத் திரையிலும் யாரும் காட்டவில்லை. புஷ்பராணி முந்தானையை என் கையிலிருந்து விடுவித்துக்கொண்டதை நினைத்தேன். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

மலையடிவாரத்து ரம்புக்கனை நிலையம் தாண்டியதும் வீட்டுக்குப் போன் செய்தேன். ஜன்னலுக்கு வெளியே வயல்கள் தெரிந்தன, தண்ணீர் நிற்கிற வயல்கள்.

"கம்பெனி ஆளு வந்தாராங்க?"

"வந்தாரு, வந்தாரு. நீ ஒண்ணும் கவலப்படாத. காஞ்ச வயலையா காட்டுவேன்? மொத நாளே மோட்டாரப் போட்டு வரப்பு முட்டத் தண்ணி நிறுத்திட்டேன். ததும்புது! மனுசன் பாத்துட்டுப் பேச்சே வராம நின்னாரு."

பக்கத்து இருக்கைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு சத்தமாகச் சிரித்திருக்கிறேன்.

"என்னடி சிரிக்கிற? நீ எப்ப வர்ற, அதச் சொல்லு. வீடு வாசல் கழுவி வைக்கணும்ல."

"சொல்ல மாட்டேன்," என்றேன்.